பழைய மாணவர் கூட்டமும் பழைய புத்தியும்

பள்ளிக்கூடத்தில் ஒன்றாய்ப் படித்தவர்கள் இருபது முப்பது வருஷங் கழித்து ஓரிடத்தில் கூடி, யார் யார் என்ன உத்தியோகத்திலிருக்கிறார்கள், யாருக்கு எத்தனை பிள்ளைகள் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக் கொண்டு சாப்பிட்டுக் கலைவது என்பதாக ஒரு வழக்கம் சமீப காலமாய் நமது நாட்டில் பரவி வருவதை வாசகர்கள் அறிந்திருக்கலாம். இதை நாம் குறைகூற வரவில்லை. கோவிலுக்கும் திதிக்கும் பாழாகும் பணத்தில் ஒரு பங்காவது பழைய சிநேகிதர்களைப் பார்ப்பதற்குச் செலவாகுமானால் அது நல்ல செலவேயாகும்.

1995ம் வருஷம் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நமக்கும் (மேற்கொண்டு படித்ததெல்லாம் வாசகசாலை பெஞ்சியில்தான்) ஓர் அழைப்பு வந்தது; போயிருந்தோம். பள்ளிக்கூடத்தின் பேரோ ஆட்களின் பேரோ இங்கு அவசியமில்லை. ஏனெனில் இது ஓர் ஊரில் மாத்திரம் நடக்கும் அதிசயமல்ல.

ஞாயிற்றுக்கிழமையாதலால் மாலை 4-30 மணிக்கு ராகுகாலம் வந்துவிடும், அதற்குள் எல்லோரும் சேர்ந்து போட்டோ எடுத்துக் கொண்டுவிட வேண்டும் என்று காலை முதலே ஒரே அவசரம். அதே கட்டடத்தில்தான் நமது வாத்தியார் எலுமிச்சம்பழத்தையும் மெழுகுவத்தியையும் வைத்து, கிரகணம் என்பது நிழலே தவிர ராகுவுமில்லை கேதுவுமில்லை என்று காட்டினார். அன்று அதை எழுதி மார்க்கு வாங்கினவர்கள்தான் இன்று கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். பாடம் பரீட்சைக்கு, பஞ்சாங்கம் வாழ்க்கைக்கு என்று பங்கு பிரித்துக் கொண்டார்கள் போலும்!

நிற்க, கூட்டம் துவங்கும்போது குத்துவிளக்கேற்ற ஐந்து ‘சுமங்கலி’களைக் கூப்பிட்டார்கள். நம் வகுப்பில் கணக்கில் எப்போதும் முதல் மார்க்கு வாங்கிய அம்மையார் ஒருவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். இன்று ஒரு பாங்கிக் கிளைக்கு மேனேஜர். புருஷன் இறந்து நான்கு வருஷமாகிறது; இரண்டு பிள்ளைகளையும் தம் சம்பாத்தியத்திலேயே காலேஜில் படிக்க வைக்கிறார். அவரைக் கூப்பிடவில்லை. ஏனென்று கேட்டதற்கு, “அவங்களை வேணாம்னு யாரும் சொல்லலே, அவங்களுக்கே சங்கடமா இருக்குமேன்னுதான்” என்று பதில் வந்தது. அந்த அம்மையாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டா இந்தச் சங்கடத்தைக் கண்டுபிடித்தார்கள்? இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், கூட்டத்தை முன்னின்று நடத்தித் தேங்காய் உடைத்த தோழரும் மனைவியை இழந்தவர்தான். அவர் கை பட்டு அந்தத் தேங்காய் அழுகிவிடவில்லை. கூட்டத்தில் ஒருவருக்கும் தலைவலிகூட வரவில்லை. அமங்கலம் என்பது சாவினால் வருவதானால் இருவர் வீட்டிலும் சாவு நேர்ந்திருக்கிறது. பெண்ணிடம் மாத்திரம் அது ஒட்டிக் கொண்டு ஆணைக் கண்டால் ஓடிவிடுமா? விதவைகள் மறுமணம் செய்து கொள்ளச் சட்டம் ஏற்பட்டது 1856ல். செங்கற்பட்டில் சுயமரியாதை மகாநாடு கூடி விதவா விவாகத்தையும் பெண்களின் சொத்துரிமையையும் வற்புறுத்தியது 1929ல். சொத்துரிமையை 1989ல் சென்னை சர்க்காரும் 2005ல் டில்லி சர்க்காரும் சட்டமாக்கியாகிவிட்டது. பாகம் பிரிக்கப் பாத்தியம் வந்துவிட்டது. விளக்கேற்றப் பாத்தியம் வரவில்லை!

பிறகு ஒவ்வொருவராய் எழுந்து தம் நிலைமையைச் சொன்னார்கள். ஒருவர் மின்சார இலாகாவில் எஞ்சினீர், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் சர்க்கார் ஆஸ்பத்திரி டாக்டர். எல்லோரும் ஒரே மாதிரியாக “ஆண்டவன் கிருபை” என்றே முடித்தார்கள். டாக்டரான தோழர் சலவைத் தொழிலாளியின் மகன். தமக்குப் பத்தாமிடத்தில் குரு இருப்பதாய்ச் சோசியன் அன்றே சொன்னான் என்றார். அவருடைய பாட்டனுக்கும் ஜாதகத்தில் பத்தாமிடம் என்று ஒன்று இருந்திருக்குமே, அவர் ஏன் கழுதையின் பின்னால் மூட்டையோடு நடந்தார்? குரு அப்போது குடியிருக்கவில்லையா?

நடந்ததைச் சொல்லுகிறோம். 1928ல் வகுப்புவாரி உத்தரவு அமுலுக்கு வந்தது. அது 1951ல் சுப்ரீம் கோர்ட்டில் செல்லாமற்போய், இங்கு எழுந்த கிளர்ச்சியினால் அதே வருஷம் அரசியல் சட்டமே முதல் தடவையாகத் திருத்தப்பட்டது. பிற்பட்டோர் பங்கு 1980ல் 50 ஆயிற்று. ஒன்பது வருஷங்கழித்து மிகவும் பிற்பட்டோருக்கென்று அதில் 20 ஒதுக்கப்பட்டது. 1982ல் வந்த சத்துணவுத் தட்டை ஏந்திக் கொண்டு அந்தத் தோழர் நமக்கு முன்னால் வரிசையில் நின்றதை நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம். இவ்வளவுக்கும் பெருமை குருவுக்குப் போய்ச் சேர்ந்தது! போதாக்குறைக்கு, அதே பங்கில் இடம் பெற்ற எஞ்சினீர் தோழர், “இப்பெல்லாம் தகுதிக்கு ஏது மதிப்பு?” என்று சலித்துக் கொண்டார். ஏறி முடித்தபின் ஏணியைப் பழிப்பது இந்த நாட்டில் புதிதல்ல.

வந்திருந்த பெண்களில் பாதிப்பேர் தம் புருஷனுடைய உத்தியோகத்தைத்தான் சொன்னார்கள். “நீங்கள்?” என்று கேட்டால் “வீட்டில் சும்மா இருக்கேன்” என்கிறார்கள். விடியுமுன் எழுந்து எல்லோரும் தூங்கினபின் படுப்பதற்கு நம் பாஷையில் பெயர் ‘சும்மா’!

பந்தியில்தான் விஷயம் முற்றிற்று. ஐந்து வருஷம் ஒரே டப்பாவில் சோறு பங்கிட்டுத் தின்ற இரண்டு தோழர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஒருவர் மகளுக்கு வரன் தேடுவதாகச் சொன்னார். மற்றவர் தமக்கு ஒரு மகன் இருக்கிறான், இரண்டு பேரும் ஒரே கம்பெனியில்தான் வேலை பார்க்கிறார்கள் என்றார். முதல் தோழர் ரசத்தைப் பிசைந்து கொண்டே வெகு நேரம் பேசவில்லை. பிறகு, “ஜாதகம்னு ஒண்ணு இருக்கேப்பா” என்றார். ஜாதகத்தில் முதல் இரண்டெழுத்துத்தான் அவருக்குத் தேவைப்பட்டது என்பது நமக்கும் தெரியும், கேட்டவருக்கும் தெரியும். அவர் பாயசத்துக்கு இருக்கவில்லை. எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

நம் வகுப்பில் கடைசி பெஞ்சியிலிருந்த ஒருவரைப் பற்றி எவரும் விசாரிக்கவில்லை. அவர் அப்பா பார்த்த நகர சுத்தி வேலையையே அவரும் காண்ட்ராக்டில் பார்க்கிறார். கட்டணம் ஆளுக்கு ஆயிரத்தைந்நூறு ரூபாய் என்றதும் அவருக்குச் சொல்லியனுப்புவதே வீண் என்று விட்டுவிட்டார்களாம். கூட்டம் முடிந்த மறுநாள் அந்த மைதானத்து எச்சிலிலைகளை வாரியவர் அவராகவும் இருக்கலாம்.

அடுத்த வருஷக் கூட்டத்திற்கு நாள் பார்க்க இப்போதே பஞ்சாங்கத்தை எடுத்திருப்பதாகக் கேள்வி. அந்தக் கடைசி பெஞ்சித் தோழருக்குரிய கட்டணத்தை நாமும் பாங்கி அம்மையாரும் ஆளுக்குப் பாதியாய்ப் போடுவதென்று பேசிக் கொண்டிருக்கிறோம். விளக்குக்குக் கூப்பிட்டால் போவீர்களா என்று அம்மையாரைக் கேட்டோம். “விளக்கு வேணாம், வரவுசெலவுக் கணக்கை என்கிட்டே கொடுக்கச் சொல்லுங்க, இந்தத் தடவை பூசைச் செலவை எதிலே எழுதியிருக்காங்கன்னு பார்க்கணும்” என்றார்.