ரோட்டர்டாம் வழியாக மேலூர்

சித்திரை வெயிலுக்குப் பயந்து சென்ற மாதம் ஒரு சனி, ஞாயிறு முழுக்க வாசலைச் சாத்திவிட்டுப் படம் பார்த்தோம். நண்பர் கட்டிய சந்தா முடிய இரண்டு நாள்தான் பாக்கி என்பது இன்னொரு காரணம். ஐந்து படங்கள் என்று கணக்குப் போட்டோம். முடிந்தது மூன்று.

மூன்றுமே நடக்கிற படங்களாக அமைந்தது தற்செயல். டி சிக்காவின் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ (1948) படத்தில் தகப்பனும் மகனும் ரோம் நகரத் தெருக்களில் சைக்கிளைத் தேடி அலைகிறார்கள். கியாரொஸ்தமியின் ‘நண்பனின் வீடு எங்கே’ (1987) படத்தில் ஒரு சிறுவன் கூட்டாளியின் நோட்டைக் கொடுக்க மேட்டுப் பாதையில் ஏறி ஓடுகிறான். மூன்றாவது, பி.எஸ்.வினோத்ராஜின் ‘கூழாங்கல்’. இங்கேயும் தகப்பனும் மகனும்தான். ஊர் மட்டும் நம் மேலூர்ப் பக்கத்துப் பொட்டல்.

மதுரையிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள் எடுத்த படம் அது. 2021 பிப்ரவரியில் ரோட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கியது. அந்த ஆண்டு இந்தியாவின் சார்பில் ஆஸ்கருக்கும் போனது. நம் ஊர்க்காரர்கள் கண்ணில் பட்டது 2023 அக்டோபர் கடைசியில், அதுவும் சோனி லிவ் தளத்தில். 1952-இல் ‘பராசக்தி’யோடு திறந்த, இரண்டாயிரத்து ஐந்நூறு இருக்கைக்கு மேல் கொண்ட தங்கம் தியேட்டர் இருந்த ஊர் எங்கள் மதுரை. பக்கத்து ஊர் வெயிலை நாம் கைபேசியில், ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து, வெளிநாட்டுப் படம் மாதிரி பார்க்கிறோம்.

அதற்காக வீட்டில் படம் பார்ப்பதை இளக்காரமாகப் பேச மனம் வரவில்லை. வினோத்ராஜே மதுரைப் பூ மார்க்கெட்டிலும் திருப்பூர் பனியன் கம்பெனியிலும் உழைத்தவர். சென்னையில் டிவிடி கடை வேலைக்குப் போய், அங்கிருந்த வட்டுகளில் உலக சினிமாவைக் கற்றுக்கொண்டவர். புகுந்த வீட்டில் விரட்டப்பட்டுக் கைக்குழந்தையோடு பதின்மூன்று கிலோமீட்டர் நடந்தே வந்த உடன்பிறந்தவளின் கதைதான் ‘கூழாங்கல்’லின் விதை. சின்னத் திரையில் பார்த்தவன் பெரிய படம் எடுத்துவிட்டான். திரையின் அளவில் இல்லை எங்கள் குறை.

குறை, நிறுத்தும் பொத்தானில். அந்தப் படத்தில் பஸ் காசைப் பையன் கிழித்துப் போடுகிறான். அதன்பிறகு இருவருக்கும் நடையைத் தவிர வழியில்லை. பார்க்கிறவனுக்கும் இருக்கக் கூடாது. ஒவ்வொரு ஷாட்டும் நீளும் நேரம்தான் அந்த வெயில். நாங்களோ சிலிண்டர் வந்தது என்று ஒரு தடவை, போன் என்று ஒரு தடவை நிறுத்தினோம். மூன்றாவது தடவை எழுந்து போய்ப் பானைத் தண்ணீர் இரண்டு செம்பு குடித்துவிட்டு வந்தோம். பையன் தாகத்துக்குக் கூழாங்கல்லை வாயில் அடக்கிக்கொண்டு அதே இடத்தில் நின்றிருந்தான்.

கடைசிக் காட்சியில் பெண்கள் ஊற்றில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் சுரக்கக் காத்திருக்கிறார்கள். பெயர்கள் ஓடத் தொடங்கியதும் அவர்களை மூலைக்குத் தள்ளிவிட்டு அடுத்த படத்தைக் காட்டியது தளம். பக்கத்தில் பேச ஆளில்லை.

அதே இயக்குநரின் ‘கொட்டுக்காளி’யை 2024 ஆகஸ்டில் தியேட்டரில் பார்த்தோம். பின்னணி இசையே கிடையாது. “சவுண்டு வைய்யிப்பா” என்று பின்வரிசையில் ஒருவர் கத்தினார். படம் முடிந்து படிக்கட்டில் இறங்கும்போது அவரேதான் எங்களைப் பிடித்துக்கொண்டார்: “ஏண்ணே, அந்தப் புள்ள மொத்தப் படத்துக்கும் ஒரே ஒரு தடவதான பேசுது? அப்ப பேசாம இருந்ததெல்லாம் நாமதான் கேட்டுக்கிறணுமா?” நாங்கள் எழுத நினைத்திருந்த விமர்சனத்தை அதற்குப் பிறகு எழுதவில்லை.

திரைப்படச் சங்கங்கள் 16 எம்எம் பெட்டிக்காகக் காத்திருந்த காலம் போய்விட்டது. அதைத் திரும்பக் கேட்பதும் வீண். ஆனால், 1998-இல் தொடங்கிய ‘மறுபக்கம்’ ஆவணப்பட, குறும்பட விழாவை அமுதன் ஆர்.பி. இந்த ஊரில்தான் நடத்திக்காட்டினார். படம் முடிந்ததும் கூட்டம் கலையாமல் சண்டை போட்ட ஊர்தான் இது.

வருகிற இரண்டாம் சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு எங்கள் மொட்டை மாடியில் ‘நண்பனின் வீடு எங்கே’. இரவல் புரொஜெக்டர், எட்டு முழ வேட்டி. பாய் கொண்டு வந்தால் நல்லது. நடுவில் நிறுத்த மாட்டோம். மின்வாரியம் நிறுத்தினால் அந்த இருட்டில் அதுவரை பார்த்ததைப் பேசிக்கொண்டிருக்கலாம்.