கல்லூரி மூடிய பிறகு ஆடிய அணி

"திறமை இருந்தால் எங்க போனாலும் மேல வரலாம்." எங்கட ஆக்கள் அடிக்கடி சொல்லும் வசனம் இது. கலியாண வீட்டிலும் சொல்வார்கள், செத்த வீட்டிலும் சொல்வார்கள். எனக்கு இந்த வசனத்தில் நம்பிக்கை போய்க் கனகாலம். அதை விளக்க அமெரிக்காவில் சின்னக் கல்லூரிகளில் பேஸ்போல் பழக்கிய இரண்டு கோச்மாரின் கதையை எடுக்கிறேன்.

பேஸ்போல் என்றால் பலர் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவீர்கள் என்று தெரியும். கொஞ்சம் பொறுங்கள். கிரிக்கெற்றுக்கு அது ஒன்றுவிட்ட சகோதரம்தான். பந்தை எறிகிறவர், மட்டையால் அடிக்கிறவர், பிடிக்க ஓடுகிறவர்கள், அவ்வளவுதான். இந்தக் கதைக்கு அதற்கு மேல் தெரியத் தேவையில்லை.

அமெரிக்கப் பல்கலைக்கழக விளையாட்டு இரண்டு உலகம். மேல் உலகத்தில் ஒரு பேஸ்போல் கோச் வருடத்துக்குப் பத்து லட்சம் டொலருக்கு மேலும் சம்பளம் எடுப்பார். ரீவியில் ஆட்டம் போகும். கீழ் உலகம் சின்னக் கல்லூரிகள். அதிலும் மூன்றாம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. அங்கே விளையாட்டுக்கென்று ஒரு சதமும் உதவிப்பணம் கொடுக்க முடியாது, அது விதி. கோச் வீடு வீடாகப் போய், "தம்பி, எங்களிடம் படிக்க வா, விளையாடவும் விடுவோம்" என்று கேட்க வேண்டும். பல இடங்களில் மைதானத்து மண்ணை வாருவதும் அவர்தான். எங்கள் குசினியில் சமையற்காரரே கோப்பையும் கழுவுகிற மாதிரி.

முதல் ஆள் கோர்டி கில்லெஸ்பி. இலினோய் மாநிலத்தில் லூயிஸ் கல்லூரி, பிறகு ஜோலியற்றில் சென்ற் பிரான்சிஸ், பிறகு விஸ்கொன்சினில் ரிப்பன், திரும்பவும் சென்ற் பிரான்சிஸ். மொத்தம் 59 பருவங்கள். 1974, 1975, 1976 என்று வரிசையாக மூன்று வருடம் லூயிஸுக்கு சின்னக் கல்லூரிகளின் தேசியக் கிண்ணத்தை எடுத்துக் கொடுத்தார். 1993இல் சென்ற் பிரான்சிஸுக்கும். 2011இல் விலகும்போது வயது எண்பதைத் தாண்டிவிட்டது. வென்ற ஆட்டங்கள் 1,893. நான்கு வருடக் கல்லூரி பேஸ்போலில் அவ்வளவு வென்றவர் அப்போது வேறு ஒருவரும் இல்லை. ரெக்ஸாஸ் போன்ற பெரிய பல்கலைக்கழகத்தில் இருந்த ஓகி கரிடோ 2014இல்தான் அந்தக் கணக்கைத் தாண்டினார். கில்லெஸ்பி 2015இல் காலமானார்.

இரண்டாவது ஆள் ஜான் வைஸ்பேர்க். அலபாமா மாநிலத்தின் பேர்மிங்ஹாம்-சதேர்ன் கல்லூரியில் பதினைந்து வருடத்துக்கு மேல் கோச். அந்தக் கல்லூரி 2001இல் சின்னக் கல்லூரிகளின் தேசியக் கிண்ணத்தை வென்றது. பிறகு சில வருடம் முதற்பிரிவில் ஆடியது. செலவு தாங்காது என்று 2006இல் நிர்வாகம் மூன்றாம் பிரிவுக்கு இறங்க முடிவெடுத்தது. வைஸ்பேர்க் கையில் எடுத்தது உதவிப்பணம் கொடுக்க முடியாத அணியை. அதை வைத்தே 2019இல் மூன்றாம் பிரிவின் இறுதிச் சுற்றுவரை போனார்.

2024 மார்ச் 26ந் திகதி கல்லூரி நிர்வாகம் கூடியது. மே 31உடன் கல்லூரியை மூடுவது என்று முடிவு. 1856இல் தொடங்கிய கல்லூரி. கடன் வாங்கிக் கட்டிய கட்டடங்கள், 2008ஆம் ஆண்டுப் பொருளாதார வீழ்ச்சி, மாணவர் உதவிப்பணக் கணக்கில் விட்ட பெரிய பிழை, குறைந்துகொண்டே போன மாணவர் தொகை எல்லாம் சேர்ந்து இழுத்து விழுத்தியது. மாநில அரசிடம் 3 கோடி டொலர் கடன் கேட்டார்கள். அதற்கென்று 2023இல் சட்டமும் வந்தது. ஆனால் மாநிலத் திறைசேரி மறுத்துவிட்டது.

அணி மட்டும் நிற்கவில்லை. வென்று வென்று தேசியச் சுற்றுக்குப் போனது. அந்தச் சுற்றில் அவர்களின் முதல் ஆட்டம் ஒகையோ மாநிலத்தில் மே 31ந் திகதி, அதாவது கல்லூரி மூடிய அதே நாள். அதில் தோற்றார்கள். அடுத்த நாள், கல்லூரியே இல்லாத அணியாக இறங்கிக் கடைசி அடியில் 9-7 என்று வென்றார்கள். அதற்கடுத்த நாள் 10-11 என்று ஒரு ஓட்டத்தால் தோற்று வீட்டுக்குப் போனார்கள். போவதற்கு வீடு இருந்தது, கல்லூரி இல்லை.

அமெரிக்கச் செய்திகளில் இதை ஒரு இனிமையான கதையாக எழுதினார்கள். மனம் தளராத பெடியள், கண் கலங்கிய கோச். எனக்கு இனிக்கவில்லை. நாடில்லாமல் கொடி பிடிக்கிறதன் ருசி எங்களுக்குத் தெரியாததா?

நான் சொல்ல வந்தது இதுதான். கில்லெஸ்பியிடம் திறமை இருந்தது, உழைப்பு இருந்தது. அவற்றோடு இன்னொன்றும் இருந்தது. அவர் வேலை செய்த மூன்று கல்லூரிகளும் இன்றைக்கும் திறந்திருக்கின்றன. 59 பருவமும் காலுக்குக் கீழே நிலம் இருந்தது. வைஸ்பேர்க் தன் வேலையில் தோற்கவில்லை. கட்டடக் கடனும் கணக்குப் பிழையும் அவர் செய்ததல்ல. ஆனால் வேலை போனது அவருக்கும்தான்.

"நல்ல கோச் என்றால் வேறு இடம் கிடைக்கும்தானே" என்று கேட்பீர்கள். கிடைக்கலாம். ஆனால் அண்ணன் ஆடிய அணியில் தம்பி வந்து சேர்வது, பழைய மாணவர் மைதானத்துக்குக் காசு போடுவது, ஊர்ப் பள்ளிக்கூடங்களில் "அவரிடம் போ" என்று ஒரு சொல் இருப்பது, இதெல்லாம் பெட்டியில் வைத்துக் கொண்டுபோகிற சாமான் இல்லை. படிப்பும் அப்படித்தான். யுத்தத்தில் வளாகம் மூடி மூடித் திறந்து, கடைசியில் பாதியில் விட்டு வந்த என்னைப் போன்றவர்களிடம் கேட்டுப் பாருங்கள். எங்களோடு படித்தவர்களில் கெட்டிக்காரர் கனபேர் வெங்காயம் வெட்டினார்கள். அது அவர்களின் திறமைக் குறைவா?

மாநில அரசு கடன் கொடுத்திருக்க வேண்டும் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஏழு நூறு சொச்சம் மாணவர் மட்டும் மிஞ்சிய தனியார் கல்லூரிக்கு மக்களின் வரிப்பணம் ஏன் என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மூடிவிட்டு, அந்தப் பெடியளின் கண்ணீரை மன உறுதிக்கு உதாரணமாகக் காட்டுவதில் நியாயம் இல்லை. உறுதி இருந்த பக்கம் மைதானம். அது இல்லாத பக்கம் கணக்கு அறை.

எங்கட பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை சின்னக் கல்லூரிக்குப் போகப் போகிறேன் என்றால் பெயர் கேள்விப்படவில்லை என்று முகத்தைச் சுழிக்காதீர்கள். கில்லெஸ்பி போன்றவர்கள் அப்படியான இடங்களில்தான் இருக்கிறார்கள். ஆனால் பெயரைக் கேட்பதற்குப் பதிலாக இரண்டு கேள்வி கேளுங்கள். கல்லூரிக்குக் கடன் எவ்வளவு? ஐந்து வருடத்துக்கு முன் எத்தனை மாணவர், இப்போது எத்தனை? பிள்ளையின் திறமையை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். இந்த இரண்டையும் கேட்டுத்தான் அறிய வேண்டும்.