நட்சத்திரமா, கறுப்பு முத்திரையா?

பிள்ளை பருத்துவிட்டது, சர்க்கரை நோய் கண்டுவிட்டது என்றதும் தாய் கண்டிக்கவில்லை, தகப்பன் செல்லம் கொடுத்தான், பிள்ளைக்கு நாக்கு நீளம் என்று தீர்ப்பு எழுதி வழக்கை முடித்துவிடுகிறார்கள். பண்டத்தைச் செய்தவன், விளம்பரம் போட்டு விற்றவன், இவர்களில் ஒருவனாவது கூண்டில் ஏறியதுண்டா என்று நாம் கேட்கிறோம்.

உலகில் 5 முதல் 19 வயது வரையுள்ளோரில் எடை குன்றியோர் 9.2 சதவிகிதம், மிதமிஞ்சிப் பருத்தோர் 9.4 சதவிகிதம் என்று 2025-இல் யூனிசெஃப் கணக்குக் காட்டிற்று. மெலிந்த பிள்ளைகளை விஞ்சிப் பருத்த பிள்ளைகள் நிற்பது அதுவே முதல் தடவை. செழிப்பு என்று யாரும் மகிழ வேண்டாம்! 300 மில்லி கோலாவில் ஏறக்குறைய 30 கிராம் சர்க்கரை. வளர்ந்தவரே நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் நிறுத்துவது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொல்லியிருக்கிறது. மிஞ்சியது கொழுப்பாகிக் கல்லீரலில் படிகிறது. இன்சுலினின் கட்டளையை உடல் கேட்க மறுக்கிறது. கணையம் சுரந்து சுரந்து களைத்துப் போகிறது. பெரியவர்கள் நோய் என்றிருந்த இரண்டாம் வகை நீரிழிவு பள்ளிப் பிள்ளைக்கும் வருவது இப்படித்தான். (முதல் வகை வேறு, அது தின்பண்டத்தால் வருவதன்று. அந்தப் பெற்றோரைப் பழிப்பது கொடுமை.)

சிலி நாட்டைப் பாருங்கள், தோழர்களே! 2016 ஜூனில் அங்கே ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. சர்க்கரையோ உப்போ கொழுப்போ அளவு மீறினால் பொட்டலத்தின் முகத்திலேயே கறுப்பு எண்கோண முத்திரை. முத்திரை விழுந்த பண்டத்தைப் பள்ளியில் விற்கக்கூடாது. 14 வயதுக்குட்பட்டோரை இழுக்கும் விளம்பரமும் கூடாது. கெல்லாக்ஸ் பெட்டியில் பல்லிளித்த புலியே மறைந்து போயிற்று! வேலை போகும், ஆலை மூடும் என்று கம்பெனிகள் கூக்குரலிட்டன. நடந்தது என்ன? முத்திரைக்குரிய பானங்களை மக்கள் வாங்குவது கிட்டத்தட்ட 24 சதவிகிதம் குறைந்தது. வேலையும் குறையவில்லை, கூலியும் குறையவில்லை என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். பருமன் ஒரே நாளில் ஓடிவிடவில்லை என்பது உண்மை. ஆனால் பிள்ளையைப் பிடிக்க விரித்த வலை அறுந்தது.

நம் நாட்டில்? 2022-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வரைவு நட்சத்திரம் தருவதாகச் சொல்லிற்று! சர்க்கரை கொட்டிய பண்டத்தில் கொஞ்சம் நாரும் பருப்பும் கலந்தால் மதிப்பெண் ஏறும் ஏற்பாடு அது. நஞ்சுக்குப் பரிசளிப்பு விழா நடத்துவார்களா? 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், நிபுணர் குழு 3 மாதத்தில் பரிந்துரை தரவேண்டும் என்றது. ஜூலையில் மேலும் 3 மாத அவகாசம் பெற்றார்கள்.

எழுத்தறியாத தாயும் ஒரு பார்வையில் கண்டுகொள்ளும் கறுப்பு முத்திரையே வேண்டும் என்று ஒவ்வொரு தொழிற்சங்கக் கிளையும் தீர்மானம் நிறைவேற்றி டெல்லிக்கு அனுப்பட்டும்.