கடற்பண்ணையில் நோய் வந்தால் நட்டம் யாருக்கு?

நோர்வே என்றதும் எம்மில் பலருக்கு 2002 போர்நிறுத்த உடன்படிக்கைதான் நினைவுக்கு வரும். அந்த நாட்டின் இன்னோர் அனுபவமும் எமது கடற்கரைகளுக்கு இப்போது தேவைப்படுகிறது.

1980களின் நடுப்பகுதியில், இறக்குமதி செய்யப்பட்ட குஞ்சுகளுடன் ஃபுரன்குலோசிஸ் என்ற பற்றீரியா நோய் நோர்வேயின் சல்மன் பண்ணைகளுக்குள் புகுந்தது. ஏனைய பற்றீரியா நோய்களும் சேர்ந்துகொள்ள, 1987இல் சுமார் 50,000 தொன் மீன் வளர்த்த அந்நாடு ஏறத்தாழ 50 தொன் அன்டிபயோட்டிக் மருந்தைப் பயன்படுத்தியது. பின்னர் தடுப்பூசி வந்தது. வெவ்வேறு வயது மீன்களை ஒரே இடத்தில் கலந்து வளர்ப்பது நிறுத்தப்பட்டது. அறுவடைக்குப் பின் பண்ணை இடத்துக்கு ஓய்வு கொடுக்கப்பட்டது. இன்று 10 இலட்சம் தொன்னுக்கு மேல் வளர்க்கும் நோர்வேயில் ஆண்டுக்கு ஒரு தொன் மருந்துகூடச் செலவாவதில்லை.

சிலியின் கதை வேறு. அங்கு 1989இல் இனங்காணப்பட்ட பிசிரிக்கெட்சியா நோய்க்கு எதிரான தடுப்பூசிகள் நீடித்த பாதுகாப்பைத் தரவில்லை. அண்மைய ஆண்டுகளிலும் 300 தொன்னுக்கு மேல் மருந்து போகிறது. ஆகவே, நோய் வந்த பிறகு மருந்தைத் தேடலாம் என்பது ஆபத்தான நம்பிக்கை.

மருந்து பெரும்பாலும் தீனியில் கலந்தே கொடுக்கப்படுகிறது. நோயுற்ற மீன் சரியாக உண்ணாது. மிஞ்சிய தீனி அடியில் படியும். வெளி மீன்களும் அதைத் தின்னும். மருந்துக்கு அடங்காத பற்றீரியாக்கள் அங்கேதான் பெருகும். வலை மீனை மறிக்கும், நோய்க்கிருமியை மறிக்காது.

திருகோணமலைக் கடலில் கூடுகளில் கொடுவா வளர்க்கப்படுகிறது. எமது கடல் போன்ற சூடான நீரில் விப்ரியோ, ஸ்ட்ரெப்டோகொக்கஸ் ஆகிய பற்றீரியாக்கள் கொடுவாவுக்குப் பெரும் அச்சுறுத்தல். வடக்கில் பரவியுள்ள பண்ணைகளில் வளரும் கடலட்டைக்கும் தோலைப் புண்ணாக்கும் நோய் உண்டு. அதிலும் விப்ரியோவுக்குத் தொடர்பிருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன.

2021இல் கௌதாரிமுனைக் கடலட்டைப் பண்ணை சர்ச்சையானது முதல் இந்த விவாதத்தைக் கவனித்து வருகிறேன். அனுமதி கொடுத்தது யார், சீனாவுக்கு இங்கே என்ன வேலை என்பவையே உரத்துக் கேட்கப்பட்டன. அவை நியாயமான கேள்விகள். ஆனால் குஞ்சுகள் எங்கிருந்து வருகின்றன, யார் அவற்றைப் பரிசோதிக்கிறார்கள், செத்தவை எங்கே போடப்படுகின்றன, என்ன மருந்து எவ்வளவு இடப்படுகிறது என்ற கேள்விகள் எமது விவாதத்தில் இன்னமும் பின்வரிசையிலேயே நிற்கின்றன.

புத்தளத்தில் 1990களில் வெள்ளைப்புள்ளி நோய் இறால் பண்ணைகளை அழித்தது. அது வைரசு நோய். ஆனாலும் கைவிடப்பட்ட குளங்கள் அந்த மக்களின் நிலத்தில்தான் எஞ்சின.

முதலீட்டாளர் வேறு கடலுக்குப் போகலாம். போர்க்காலத்தில் ஆண்டுக்கணக்காகக் கடல் மறிக்கப்பட்டு, மீண்டும் தொழிலுக்கு இறங்கிய எமது சிறு கடற்றொழிலாளருக்கு வேறு களப்பு இல்லை. பண்ணை அனுமதிப்பத்திரத்தோடு நோய்ப் பதிவேடும் மருந்துக் கணக்கும் கட்டாயமாக வேண்டும். அவை உள்ளூர் கடற்றொழிலாளர் சங்கங்களின் பார்வைக்கும் தமிழில் வைக்கப்பட வேண்டும்.