கண்டு வருவோம்: காவிரி நடுவே ஒரு நகரம்

கிரேக்க நாட்டின் ரோட்ஸ் தீவு நகரத்தில், 15ஆம் நூற்றாண்டில் எழுந்த மருத்துவமனையே இன்று அருங்காட்சியகமாக விளங்குகிறது. அத்தகைய தீவு நகரம் நமக்கு அண்மையிலும் உண்டு. காவிரி இரு கிளைகளாய்ப் பிரிந்து தழுவிச் செல்லும் ஸ்ரீரங்கப்பட்டணமே அது. பெங்களூரிலிருந்து மைசூர் செல்லும் இரயில் பாதையிலேயே உள்ளது.

அங்கே திப்பு சுல்தான் 1784இல் எழுப்பிய தரியா தௌலத் மாளிகை இன்று அருங்காட்சியகம். அதன் மேற்குச் சுவரைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். 1780இல் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் ஐதர் அலியும் திப்புவும் ஆங்கிலத் தளபதி பெய்லியை வென்ற காட்சி அதில் தீட்டப்பட்டுள்ளது. நம்மில் பலருடைய பாட்டனார் புறப்பட்டு வந்த வடஆர்க்காட்டுச் சீமைக்கு அருகில் நிகழ்ந்த போர் அது.

1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. அதன்பின் மைசூரின் கீழ் எல்லையை அளக்க வந்த வாரன் என்னும் படை அதிகாரி, 1802இல் மாரிகுப்பத்தில் மக்கள் பொன் எடுப்பதைக் கண்டு எழுதினார். நம் தங்கவயலின் கதையும் அந்நகரின் வீழ்ச்சியோடு இவ்வாறு பிணைந்துள்ளது.

இன்னொன்றும் எண்ணத்தக்கது. சிதைந்திருந்த அந்தப் போர் ஓவியத்தைச் செப்பனிடச் செய்தவர், நகரை வென்ற ஆங்கிலப் படையைச் சேர்ந்த வெல்லெஸ்லி. தம்மவர் தோற்ற காட்சியையும் அவர் அழிய விடவில்லை. நாமோ? 2001இல் நம் சுரங்கம் மூடப்பட்டது. பாட்டனாரின் சுரங்க விளக்கும் தலைக்கவசமும் பழைய இரும்புக் கடைக்குப் போகலாமா? பரணிலிருந்து எடுத்துத் துடைத்து, அவர் பெயரையும் உழைத்த ஆண்டுகளையும் எழுதி வையுங்கள். நாளைய அருங்காட்சியகம் நம் இல்லங்களில் தொடங்கட்டும்!