கண்ணை மட்டும் விடச் சொன்னது நாம்தான்

தனியார் பள்ளிகளில் பிள்ளைகளைச் சேர்த்திருக்கும் பெற்றோருக்கும், அந்தப் பள்ளிகளை நடத்துவோருக்கும், அங்கே பாடம் எடுக்கும் ஆசிரியர்களுக்கும் எழுதுகிறோம்.

நாங்கள் பதினோரு பெற்றோர். எங்களில் இருவர் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், ஒருவர் வழக்கறிஞர். எங்கள் பிள்ளைகளில் சிலர் மெட்ரிக் பள்ளியிலும் சிலர் சி.பி.எஸ்.இ. பள்ளியிலும் படிக்கிறார்கள். எங்களை ஒன்றுகூட வைத்த சம்பவத்தை முதலில் சொல்லிவிடுகிறோம்.

ஏழாம் வகுப்புப் பையன். முடி வெட்டாமல் வந்தான் என்று வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தார்கள். அன்று அப்பா வேலை முடிந்து வருவதற்குள் சலூன் மூடிவிட்டது. மறுநாளும் வெளியே நின்றான். மூன்றாம் நாள் ஸ்டீல் ஸ்கேலைத் திருப்பிப் பிடித்து வலது கை முட்டியில் நாலு அடி. சாயங்காலம் வீட்டுக்கு வந்தவன் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு, "ஊட்டி விடும்மா" என்றான். ஏழாவது படிக்கிற பையன் ஊட்டச் சொல்கிறானே என்று அம்மா கையைப் பிடித்துப் பார்த்தபோதுதான் வீக்கம் தெரிந்தது.

மறுநாள் அம்மா பள்ளிக்குப் போனார். அலுவலக அறை வாசலில் முக்கால் மணி நேரம் காத்திருந்த பிறகு கிடைத்த பதில்: "பிடிக்கலைன்னா டி.சி. வாங்கிட்டுப் போயிடுங்க." கூடவே ஒரு வெள்ளைத்தாள் வந்தது. என்ன எழுத வேண்டும் என்பதையும் அவர்களே சொன்னார்கள். 'சொந்தக் காரணங்களால் என் மகனை வேறு பள்ளியில் சேர்க்க விரும்புகிறேன்.' பையன் அதே பள்ளியில் இருந்தால் இன்னும் என்ன ஆகுமோ என்ற பயத்தில் அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். அவரும் இன்று எங்களில் ஒருவர்.

அவரைக் குறை சொல்ல எங்களில் யாருக்கும் வாயில்லை. பிள்ளையைச் சேர்க்கும்போது நாம் எல்லோரும் என்ன சொல்லிவிட்டு வந்தோம்? "கண்ணு ரெண்டை விட்டுட்டு மத்ததெல்லாம் உரிச்செடுங்க சார்." பாசத்தில், பணிவில், பிள்ளை உருப்பட வேண்டுமே என்ற கவலையில் சொன்னோம். 'அங்கே ரொம்ப ஸ்ட்ரிக்ட்' என்று கேள்விப்பட்டுத்தான் அந்தப் பள்ளியைத் தேடியே போனோம். சேர்க்கைப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் 'பள்ளி எடுக்கும் எந்த ஒழுங்கு நடவடிக்கைக்கும் கட்டுப்படுவேன்' என்றிருந்த வரிக்குக் கீழே படிக்காமலே கையெழுத்தும் போட்டோம்.

அந்த அனுமதியைக் கொடுக்க நமக்கு உரிமையே இல்லை என்பதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்திருக்கிறோம். சட்டம் தடுத்த ஒன்றைச் செய்வதற்காகப் போடும் ஒப்பந்தம் செல்லாது என்று 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமே சொல்கிறது. பிள்ளையை அடிக்கக் கூடாது என்பது சட்டம். பெற்றோர் எழுதிக் கொடுத்தாலும் வாய்விட்டுச் சொன்னாலும் அது மாறாது.

தமிழ்நாடு இதில் பின்தங்கிய மாநிலம் இல்லை. மாணவரைத் திருத்துகிறோம் என்ற பெயரில் உடலுக்கோ மனதுக்கோ வலி உண்டாக்கக் கூடாது என்று 2003லேயே தமிழ்நாடு கல்வி விதிகளின் 51ஆம் விதி திருத்தப்பட்டது. 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் சேர்த்தே தடை செய்தது. இரண்டு நாள் வெளியே நிற்க வைப்பதும், எல்லார் முன்னாலும் சாதியையோ அப்பாவின் தொழிலையோ சொல்லித் திட்டுவதும், மார்க்கைச் சொல்லி அவமானப்படுத்துவதும் 'அடிக்கவே இல்லையே' என்று தட்டிக்கழிக்கக் கூடியவை அல்ல. அதே சட்டத்தின் 16ஆம் பிரிவின்படி எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது. அந்த வெள்ளைத்தாள் எதற்கு என்பது இப்போது புரிந்திருக்கும். பள்ளி வெளியேற்றினால் சட்டமீறல். பெற்றோரே எழுதிக் கொடுத்தால் அது 'விருப்ப மாறுதல்'.

சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. ஆனால் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்துக்கு அப்படி விலக்கு கிடையாது. தன் பொறுப்பில் இருக்கும் பிள்ளையை அடித்துத் தேவையற்ற துன்பம் தருபவருக்கு அதன் 75ஆம் பிரிவில் மூன்றாண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் உண்டு. பதினெட்டு வயது நிறையாத எல்லாப் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்; பிளஸ் டூ மாணவரும் இதற்குள் வருவார்.

ஆசிரியர்கள் எங்களைத் தவறாக எண்ண வேண்டாம். பிள்ளைகளைக் கண்டிக்கவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் உடன் படித்தவர்களே ஒரு மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள். ஒரு பிள்ளையின் கையிலிருந்து இன்னொரு பிள்ளையைக் காப்பதும் பள்ளியின் கடமைதான். மிரட்டுகிறவனையும் பணம் பறிக்கிறவனையும் கண்டுகொள்ளாமல் விடும் பள்ளி தன் பொறுப்பில் தவறுகிறது. ஆனால் ஸ்கேலால் அடி வாங்கியவன் அடுத்து என்ன செய்கிறான் என்று எங்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர்களைக் கேட்டோம். முப்பது வருடம் பிரம்போடு இருந்தவர் ஒருவர் சொன்னார்: "என் வகுப்புல அமைதியா இருப்பான். அடுத்த பீரியட்ல சின்னப் பையனை அடிப்பான்." 'அடியாத மாடு படியாது' என்று வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று வருந்தியபடியே இதைச் சொன்னார்.

ஆசிரியரின் பாட்டையும் நாங்கள் அறிவோம். ஆறு முதல் எட்டு வரை 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியராவது வேண்டும் என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை. ஒரு வகுப்பில் 55 பேரை உட்கார வைத்து, நாளுக்கு ஏழு பீரியட் கொடுத்து, ரிசல்ட் குறைந்தால் வேலை போய்விடும் என்று சொல்லும் நிர்வாகம்தான் அவர் கையில் ஸ்கேலைக் கொடுக்கிறது. புகார் வந்தால் அந்த ஆசிரியரை மட்டும் வேலையைவிட்டு அனுப்பிக் கதையை முடிக்கிறது. வழக்கென்று வந்தால் அதிலும் தனியாக நிற்பது அவர்தான். ஆசிரியர்களே, உங்களுக்காகவும்தான் பேசுகிறோம்.

அரசுப் பள்ளியில் பெற்றோர் இடம்பெறும் மேலாண்மைக் குழு உண்டு. அரசு உதவி பெறாத தனியார் பள்ளியில் அதை அமைக்கும்படி கல்வி உரிமைச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. கட்டணம் கட்டும் நமக்கு உட்கார நாற்காலி இல்லாமல் போனது இதனால்தான். இந்தக் குறையைப் பெருமளவு சரிசெய்யும் வழி இப்போது திறந்திருக்கிறது. உடல் தண்டனையை ஒழிக்கத் தேசிய குழந்தை உரிமைகள் பாதுகாப்பு ஆணையம் வகுத்த வழிகாட்டுதல்களை நடைமுறைப்படுத்தும்படி 2024 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறைக்கு உத்தரவிட்டது. ஒவ்வொரு பள்ளியிலும் தலைமையாசிரியர், ஆசிரியர், பெற்றோர், மேல் வகுப்பு மாணவர் சேர்ந்த கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும் என்றது. உங்கள் பிள்ளையின் பள்ளியில் அந்தக் குழு இருக்கிறதா? அதில் இருக்கும் பெற்றோர் யார் என்று தெரியுமா? எங்கள் பதினோரு பேரில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

ஆகவே இந்த ஜூனில் பள்ளி திறந்ததும் நீங்கள் செய்ய வேண்டியது இது. இரண்டு மூன்று பெற்றோராகச் சேர்ந்து தலைமையாசிரியரைப் பாருங்கள். சண்டை போட வேண்டாம். வணக்கம் சொல்லி உட்கார்ந்து, ஒழுங்கு விதிகளை எழுத்தில் தரும்படி கேளுங்கள். எந்தத் தவறுக்கு என்ன நடவடிக்கை, பிள்ளையின் பக்கத்தை யார் கேட்பார்கள், பெற்றோருக்கு எப்போது தெரிவிப்பார்கள் என்பது அதில் இருக்க வேண்டும். கண்காணிப்புக் குழுவின் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொல்லுங்கள். நிர்வாகத்தாரே, கேட்பதற்கு முன்பே நீங்கள் ஒட்டிவிட்டால் உங்களை ஊரறியப் பாராட்டுவோம். வீட்டுக்கு வந்ததும் பிள்ளையிடம், "உன்னை அடிக்கச் சொல்லி நான் சொன்னது தப்பு" என்று சொல்லுங்கள். நாங்கள் சொன்னோம். இரண்டு வீடுகளில் பிள்ளைகள் அன்று இரவே பழைய விஷயங்களைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

1098 குழந்தைகளுக்கான உதவி எண். 14417 பள்ளிக் கல்வித் துறையின் எண். இரண்டையும் பிள்ளையின் டைரியில் எழுதி வையுங்கள். அடிபட்டிருந்தால் அன்றே போட்டோ எடுங்கள், மருத்துவரிடம் காட்டிச் சீட்டு வாங்குங்கள். அலுவலக அறையில் வெள்ளைத்தாளை நீட்டினால் எழுதாதீர்கள். "வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன்" என்று சொல்லி வெளியே வந்து எங்களைக் கூப்பிடுங்கள். எங்களில் ஒருவர் அன்றே உங்களோடு அந்த அறைக்குத் திரும்ப வருவார். முதலில் வருவது, அன்று தனியாகக் கையெழுத்துப் போட்டாரே, அந்த அம்மாதான்.