ஊசி போடுகிற கைக்கு இன்ஷூரன்ஸ் உண்டா?

தொழிலில் தவறு நேர்ந்து வழக்கு வந்தால் நஷ்ட ஈடு கட்டுவதற்கென்று டாக்டர்கள் இன்ஷூரன்ஸ் எடுத்து வைத்துக் கொள்ளுகிறார்கள். இதை நாம் குற்றம் சொல்ல வரவில்லை. மனிதன் தவறக்கூடியவன் என்பதை ஒப்புக்கொண்டு, அதற்கு முன்கூட்டியே வழி தேடுவது அறிவுடைய காரியமேயாகும். நோயாளி செத்தால் “ஆண்டவன் சித்தம்” என்று அவன் வீட்டாருக்குச் சொல்லுகிற டாக்டருங்கூட, தமது பாலிசியைப் பத்திரமாய்ப் பூட்டித்தான் வைத்திருக்கிறார். அது கிடக்கட்டும்.

அந்தப் பாலிசியில் யார் யார் அடக்கம் என்பதே நமது கேள்வி. சீட்டு எழுதுவது டாக்டர். மருந்தை எடுத்து ஊசியில் ஏற்றுவது யார்? நர்சு. புண்ணுக்குக் கட்டுப் போடுவது யார்? கம்பவுண்டர். இரத்தக் குப்பியில் பேர் ஒட்டுவது யார்? லாபில் வேலை செய்யும் பெண். தவறு நேர அதிக இடமுள்ள கைகளெல்லாம் இவர்களுடையவையே அல்லவா? இதைப் பற்றி நமக்குத் தெரிந்த ஒரு டாக்டரைக் கேட்டோம். “சம்பளத்துக்கு வந்த பெண்கள்தானே, அவர்கள் மேல் எவன் வழக்குப் போடப் போகிறான்?” என்றார்.

அவர் நினைப்பது சரியா என்று பார்ப்போம். 1993 டிசம்பரில் டில்லியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், டைபாய்டு ஜுரத்துக்குச் சேர்த்த குழந்தைக்கு நர்சு ஒருவர் மருந்து மாற்றி ஊசி போட்டுவிட்டார். இருதயம் நின்று, குழந்தையின் மூளை கெட்டுப் போயிற்று. தாமே போட வேண்டிய ஊசியை நர்சிடம் விட்ட டாக்டரும் தவறியவர், நர்சும் தவறியவர், இருவருக்கும் ஆஸ்பத்திரியே ஜவாப்தாரி என்று 1998-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிற்று. குழந்தைக்குப் பன்னிரண்டரை லட்சம், பெற்றோருக்கு 5 லட்சம். கூலிக்காரன் தவறினால் முதலாளி தலையில்தான் விடியும் என்பது இதிலிருந்து விளங்கவில்லையா?

அன்றியும், அனேக பாலிசிகளில் “தகுதி பெற்ற உதவியாளர்” என்று ஒரு வார்த்தை இருக்கிறது. சம்பளம் குறையும் என்பதற்காகப் படிப்பும் பதிவும் இல்லாத பெண்ணுக்கு வெள்ளை உடுப்புப் போட்டு “நர்சு” என்று நிறுத்தி வைக்கிறவர்கள் எத்தனை பேர்! விபத்து நேர்ந்த அன்றைக்கு அந்த ஒரு வார்த்தையைக் காட்டி இன்ஷூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கலாம். டாக்டர் அவளை வேலையை விட்டு நீக்கிவிட்டு, “அவள்தான் செய்தாள்” என்பார். நோயாளிக்கோ இருவரிடமும் கிடைப்பது அலைச்சல்தான்.

இங்கிலாந்தில் தேசிய சுகாதார சேவையைச் சேர்ந்த குடும்ப டாக்டர்களிடத்தில், 2019 ஏப்ரல் 1 முதல் டாக்டர், நர்சு, இதர சிப்பந்திகள் எல்லோருக்கும் சேர்த்து வைத்தியத் தவறுக்கான நஷ்ட ஈட்டை சர்க்கார் ஏற்பாடே ஏற்றுக் கொள்ளுகிறது. தொழில் சங்க விசாரணைச் செலவு அதில் அடங்காது. அதை அவரவர்தான் பார்த்துக் கொள்ள வேண்டும். ஆனாலும் ஊசி போடுகிற கை விட்டுப் போகவில்லை.

இங்கே இன்னொரு சங்கதியும் உண்டு. இத்தகைய பாலிசி தவறு நடந்த நாளில் இருந்தால் மாத்திரம் போதாது. பாத்தியதை கேட்கும் நாளிலும் நடப்பில் இருக்க வேண்டும். நுகர்வோர் சட்டமோ பிராதுக்கு 2 வருஷம் தவணை கொடுக்கிறது. வேலையை விட்டுப் போன பெண்ணுக்கும் அடுத்த வருஷம் நோட்டீசு வரலாம். ஆகையால் வேலைக்குச் சேரும்போதே “பாலிசியில் நான் இருக்கிறேனா?” என்று கேட்டு, ஒரு நகல் வாங்கிக் கொள்ளட்டும். டாக்டர் காட்ட மறுத்தால், ஏன் மறுக்கிறார் என்று நோயாளிகளும் கேட்கலாம்.